கணக்கு வகுப்பில் வாசிப்பும் எழுத்தும்: புது ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

‘150 பேர் சுற்றுலா போகிறார்கள். ஒரு பேருந்தில் 42 பேர் உட்காரலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்?’

ஆறாம் வகுப்பில் இதைக் கொடுத்துப் பாருங்கள். வகுத்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளிலேயே சிலர் ‘ஈவு 3, மீதி 24’ என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள். அந்த 24 பேரும் பள்ளி வாசலிலேயே நிற்கிறார்கள்! வகுத்ததில் ஒரு தப்பும் இல்லை. கேள்வியைத்தான் யாரும் திரும்பிப் படிக்கவில்லை.

‘படிக்கவே தெரியலை, தமிழாசிரியர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஆரம்பத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கணக்குப் புத்தகத்தின் தமிழ் வேறு மாதிரி. அதைத் தமிழ் வகுப்பில் சொல்லித் தருவதில்லை, நாம்தான் சொல்லித்தர வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

படி 1: எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள்

ஆன் நியூமன் என்ற ஆஸ்திரேலிய ஆசிரியர் 1977இல் ஒரு முறையைக் கொடுத்தார். தப்பாகச் செய்த கணக்கையே பிள்ளையிடம் மறுபடி கொடுத்து, ஐந்தே விஷயம் கேட்க வேண்டும். வாசித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறார்கள்? எப்படிச் செய்யப்போகிறாய்? செய்து காட்டு. இப்போது விடையை எழுது.

நடுவில் உதவக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இதில் கஷ்டமே. இரண்டாவது கேள்வியிலேயே திணறும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து என்ன பயன்? அந்தப் பேருந்துக் கணக்கு ஐந்தாவதில் மாட்டுகிற வகை.

படி 2: எண்களை மறைத்துவிடுங்கள்

‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவருக்கு என்ன வயது?’ பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1970களின் கடைசியில் சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டார்கள். பெரும்பாலோர் இருந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், ‘36!’ என்று கை தூக்க ஆள் இருக்கும். எண்ணைக் கண்டதும் வாசிப்பு நின்றுபோகிறது.

அதனால் கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: ‘கடைக்காரர் சில பெட்டி மாம்பழம் வாங்கினார். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை. சில பழங்கள் அழுகிவிட்டன. மீதியை விற்றார்.’ எண்ணும் கிடையாது, கேள்வியும் கிடையாது. என்ன நடந்தது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். இதில் என்னவெல்லாம் கேட்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். அப்புறம் எண்களை ஒவ்வொன்றாக நிரப்பி, கேள்வியைக் கடைசியில் எழுதுங்கள்.

படி 3: வேற்றுமை உருபுகள்

என்னைக் கேட்டால், தமிழ்வழிக் கணக்கின் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

‘15ஐ 3ஆல் வகு’, ‘3ஆல் 15ஐ வகு’ இரண்டும் ஒன்றே. ‘3ஐ 15ஆல் வகு’ வேறு. தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றலாம், எது எதை வகுக்கிறது என்பதை ‘ஐ’யும் ‘ஆல்’உம்தான் சொல்கின்றன. முதலில் வருவதை உள்ளே, அடுத்து வருவதை வெளியே என்று போடும் பிள்ளை பாதி நேரம் தப்பித்துவிடும், நமக்கும் தெரியாது.

அடுத்து, என் வகுப்பில் எப்போதும் சண்டை கிளப்பும் ஜோடி:

‘80 ரூபாய் விலை 20 ரூபாய் குறைந்தது.’
‘80 ரூபாய் விலை 20 ரூபாயாகக் குறைந்தது.’

இப்போது விலை என்ன? முதலாவதில் 60, இரண்டாவதில் 20. ஒரு ‘ஆக’ நாற்பது ரூபாயைத் தின்றுவிட்டது.

அப்புறம் ‘விட’. ‘கமலாவிடம் 12 புளியங்கொட்டைகள் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 5 குறைவு. ரவியிடம் எத்தனை?’ ‘குறைவு’ என்றாலே கழித்தல் என்று மனப்பாடம் செய்த பிள்ளை 7 என்று எழுதும், விடை 17. ‘மொத்தம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி’ என்று அட்டவணை ஒட்டியிருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். யாரிடம் அதிகம் என்று கேளுங்கள், இரண்டு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பின்னமும் இப்படித்தான். ‘நான்கில் மூன்று’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது நான்கு. கேட்டதை வரிசையாக எழுதும் பிள்ளை மேலே 4, கீழே 3 போடும்.

பயிற்சி எளிது. இப்படிப்பட்ட இரண்டு வாக்கியங்களை அருகருகே எழுதி, உருபுகளை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

படி 4: சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்

நம் கலைச்சொற்கள் பலவற்றில் பொருள் உள்ளேயே இருக்கிறது. இரு, சம, பக்க முக்கோணம். பகா எண் என்றால் பகுபடாத எண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சொல், அதன் பொருள், ஒரு படம் என்று எழுதி வந்தால் போதும். மீச்சிறு பொது மடங்குக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ‘மீச்சிறு என்கிறீர்கள், பெரிய எண்ணாக வருகிறதே’ என்று யாராவது கேட்பார்கள், அது நல்ல கேள்வி.

படி 5: எழுத வையுங்கள்

விடையை முழு வாக்கியமாக எழுதுவதில் தொடங்குங்கள். ‘3 பேருந்துகள் வேண்டும், மீதி 24’ என்று எழுதும்போதே சிலர் பேனாவை நிறுத்தி யோசிப்பார்கள்.

அடுத்து, இன்று வராத நண்பனுக்கு இந்தக் கணக்கை நான்கு வரியில் விளக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் ‘முதலில் பெருக்கினேன் அப்புறம் கழித்தேன் விடை வந்தது’ என்றுதான் வரும். சிவப்பு மையால் எழுத்துப்பிழைகளைச் சுழித்துவிடாதீர்கள், அடுத்த வாரம் ஒரே வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓரத்தில் ‘எதை எதால்? ஏன்?’ என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இது பழகியதும் சொந்தமாகக் கணக்கு எழுதச் சொல்லி, பக்கத்து இருக்கையில் மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். போன மாதம் ஒருவன் எழுதியது: ‘எங்கள் ஆடு மூன்று குட்டி போட்டது. இரண்டை விற்றோம். எவ்வளவு பணம் கிடைத்தது?’ பக்கத்தில் இருந்த பெண் விடை எழுதவில்லை. ‘ஒரு குட்டி என்ன விலைடா?’ என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.