கோடு மட்டக்களப்புக்குப் போனால் நமக்கென்ன?

கார்த்திகை பிறந்தால் திருகோணமலையில் எல்லோருடைய போனுக்கும் ஒரு வரைபடம் வந்துவிடும். கடலில் ஒரு சுழி, அதிலிருந்து கரையை நோக்கி ஒரு கோடு. "மட்டக்களப்புப் பக்கம் திரும்பிட்டுதாம், நமக்குப் பிரச்சினையில்ல" என்று யாராவது சொன்னதும் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் நிம்மதி. சூறாவளியைக் கவனிப்பதில் நாம் விடும் தவறுகளில் ஆக மோசமானது இந்த நிம்மதிதான்.

நம் பக்கத்துச் சூறாவளிகள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. கிழக்கிலிருந்து கரையேறும்போது மையத்துக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும். அலையையும் மழையையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு வரும். தெற்கே இருப்பவர்களுக்குத் தரைப் பக்கமிருந்து வரும். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி நமக்கு வடக்கே, திரியாய் - குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது. நகரம் தெற்குப் பக்கத்தில் இருந்தது. விடிந்ததும் "இவ்வளவுதானா?" என்று சிரித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. மட்டக்களப்புக்குப் போகிற சூறாவளிக்கு நாம்தான் வடக்குப் பக்கம். கோட்டைச் சுற்றி விரிந்து வரும் கூம்பு வடிவத்தையும் பிழையாக வாசிக்கிறோம். மையம் எங்கெங்கே போகலாம் என்பதைத்தான் அது காட்டுகிறது. மழையும் காற்றும் அதற்கு வெளியேயும் இருக்கும்.

அடுத்தது, பெயர் வைக்கும்வரை காத்திருப்பது. 2024 நவம்பர் கடைசி வாரம் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் கிடந்தபோது கடலில் இருந்தது வெறும் தாழமுக்கம். 'பெங்கல்' என்ற பெயர் 29ஆம் திகதிதான் வந்தது, அது நம்மைத் தாண்டி வடக்கே போன பிறகு. அடுத்த நாள் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டினால் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். எவ்வளவு மழை கொட்டும் என்பதற்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை.

செய்மதிப் படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் மழையுமில்லை. முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை நிறத்தால் காட்டுகிறார்கள். வின்டி செயலியில் ஓடும் காற்றுக் கோடுகள் கணினியின் எதிர்வுகூறல்; நேரலை என்று நினைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். வட்ஸ்அப்பில் வரும் படத்தில் முதலில் நேரத்தைத் தேடுங்கள். யூரிசி (UTC, உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். நேரமே இல்லாவிட்டால் அழித்துவிடலாம். இந்திய அறிக்கையில் ஒரு வேகமும் அமெரிக்க அறிக்கையில் அதைவிடக் கூடிய வேகமும் இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை: முன்னது 3 நிமிடச் சராசரி, பின்னது 1 நிமிடச் சராசரி.

மூதூர், கிண்ணியா, வெருகல் ஆட்களுக்கு இன்னொரு விஷயம். வானம் வெளித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். மலைநாட்டில் பெய்த மழை மகாவலியால் இறங்கி, நம் முற்றத்தில் வெயில் அடிக்கும்போதுதான் வந்துசேரும். சூறாவளிப் படத்தை விட்டுவிட்டு, நமக்கு மேலே மகாவலிக் கரையில் இருக்கும் மன்னம்பிட்டிக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் கொடுக்கும் நீர்மட்டத்தைப் பாருங்கள். அது ஏறுகிறதென்றால் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோக இன்னும் நேரமிருக்கிறது.

"கந்தளாய்க் குளம் உடைஞ்சிட்டாம்" என்ற குரல்பதிவும் எப்படியும் வரும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உண்மையாகவே உடைந்த கட்டு அது. அதனால்தான் அந்தச் செய்தியை யாராலும் அலட்சியம் செய்ய முடிவதில்லை. பகிர முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு ஒரு அழைப்பு எடுங்கள். அதற்குப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். இரவு முழுக்கச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கரண்ட் போன நேரத்தில் நாலு வீதத்தோடு முழிப்பவர்களில் நானும் ஒருவன்.

கடைசியாக, 1964 டிசெம்பர் போல மையமே நம் தலைக்கு மேலே வந்தால், காற்று திடீரென்று நின்றுபோகும். முடிந்துவிட்டதென்று டச் பே கடற்கரைக்கு வீடியோ எடுக்கப் போகாதீர்கள். முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து திரும்ப வரும். வடக்கு யன்னலுக்கு முட்டுக் கொடுத்தவர்கள் அந்த இடைவெளியில் தெற்கு யன்னலையும் ஒருக்காப் பாருங்கள்.