புது நர்ஸம்மாக்கள் செய்யும் பழைய தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்களோடு வீடு வீடாகப் போனேன். புதிதாகக் கல்யாணமான வீட்டில் கருத்தடை பற்றிக் கேட்டார்கள், பதிவேட்டில் எழுதினார்கள், கிளம்பிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் செய்ததும் அதுதான். கர்ப்பம் பற்றி நாம் சொல்வதிலும் சொல்லாமல் விடுவதிலும் உள்ள தவறுகள்தான் இங்கே பேச்சு. பப்பாளி, குங்குமப்பூ கதையெல்லாம் பேசித் தீர்ந்தவை, விட்டுவிடுவோம்.

ஃபோலிக் மாத்திரையைக் கர்ப்பப் பதிவு நாளில் கொடுப்பது

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு குழாயாகத்தான் உருவாகின்றன. கரு உண்டாகி 28 நாளுக்குள் அந்தக் குழாய் மூடிவிட வேண்டும். அது சரியாக மூட உதவுவதுதான் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின். கணக்குப் போட்டால், நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போதே வேலை முடிந்துவிடுகிறது. நம் வீடுகளிலோ ‘மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்’ என்பார்கள். பதினோராவது வாரத்தில் வருகிறவளிடம் மாத்திரையை நீட்டிவிட்டு, கடமை முடிந்ததாக நினைக்கிறோம்.

அப்படி வந்த ஒருத்திக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் முதுகுத்தண்டு மூடாதது தெரிந்தது. முன்பே மாத்திரை போட்டிருந்தால் கட்டாயம் தடுத்திருக்கலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கல்யாணமான மாதத்திலிருந்தே அவள் பெயர் என் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில், அதாவது குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர் பட்டியலில், இருந்தது. ஆறேழு முறை அந்த வாசலில் நின்று பேசியிருக்கிறேன். ஃபோலிக் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தெரியாத விஷயமும் இல்லை. இந்தக் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தை உண்டான தாய்மாருக்கு, அடுத்த கரு உண்டாகுமுன்பே ஃபோலிக் கொடுத்ததில் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இலேயே காட்டிவிட்டது. மாத்திரை விலையோ சில்லறைக் காசு. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம். முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை, வலிப்பு மாத்திரை, சர்க்கரை என்றால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ‘கீரையே போதும்’ என்பவர்களிடம், வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்களா என்று கேளுங்கள். சத்தும் அதோடு போகும். இப்போது புதுத் தம்பதியர் பெயருக்குப் பக்கத்தில், சொல்லி முடித்ததும் பென்சிலால் ஒரு ‘ஃ’ போட்டுவிடுகிறேன்.

‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’

முதல் மூன்று மாதம் தேவையில்லை. மசக்கையில் இட்லியோ கஞ்சியோ இறங்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். தண்ணீர்கூட நிற்காவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.

ரத்தம் ஊற அடிக்கடி ஈரல்

வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல்.

இரும்பு மாத்திரையோடு காபி

கூடாது. டீயும்தான்.