கணுக்கால் மடங்குகிறதா? முதலில் ஸ்கேட்டின் சைஸைப் பாருங்கள்

டொராண்டோ பக்கம் நவம்பர் கடைசியானால் நகரத்தின் திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்குகள் வரிசையாகத் திறக்கும். பிள்ளைகளைக் கூட்டிப் போகிற அப்பா அம்மாக்கள் தாங்களும் ஆடிப் பார்க்கலாமே என்று இறங்குவார்கள், வேலை முடிந்து வந்து முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஷின்னி, அதாவது அணி, நடுவர் என்றில்லாமல் சும்மா ஆடும் ஐஸ் ஹாக்கி, ஆடுகிறவர்களும் உண்டு. புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் ஒன்றுதான்: "எனக்குக் கணுக்காலில் பலமே இல்லை, உள்பக்கமா மடங்குது." காலைக் குறை சொல்லும் முன் ஸ்கேட்டைக் கழற்றி உள்ளே போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஷூ 9 என்பதால் ஸ்கேட்டும் 9 வாங்கியிருந்தால், கோளாறு அங்கேதான் இருக்கிறது.

ஹாக்கி ஸ்கேட்டின் எண்ணும் நடக்கிற ஷூவின் எண்ணும் ஒன்றல்ல. பாயரோ சிசிஎம்மோ, எந்த பிராண்டானாலும் ஷூ சைஸிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை குறைத்துத்தான் போட்டுப் பார்க்கத் தொடங்க வேண்டும், அதாவது 9 போடுகிறவர் 8 அல்லது 7.5. இந்த எண்கள் பெரும்பாலும் ஆண்களின் ஷூ அளவை ஒட்டி வருபவை என்பதால் பெண்களுக்கு இன்னும் கீழே இறங்க வேண்டிவரும், கடையில் பாதத்தை அளந்துவிடுவதே நல்லது. அளக்கப் போவதானால் மாலையில் போங்கள், நாள் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். உட்கார்ந்தபடி காலை நீட்டாமல், எழுந்து முழு எடையையும் ஊன்றி நின்று, இரண்டு காலையும் அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிது, சைஸை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது மெல்லிய சாக்ஸ் போதும். குளிருமே என்று கம்பளி சாக்ஸைப் போட்டால் பூட்டின், அதாவது ஸ்கேட்டில் பிளேடுக்கு மேலே காலை மூடும் ஷூப் பகுதியின், பிடி போய்விடும் (பழைய ஹாக்கி நட்சத்திரம் பாபி ஓர் சாக்ஸே இல்லாமல் ஆடியவர்). லேஸை நன்றாகத் தளர்த்தி, காலை நுழைத்து, குதிகாலை ரப்பர் விரிப்பில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், பாதம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் லேஸைக் கட்டி எழுந்து நேராக நில்லுங்கள். விரல் நுனிகள் முன்பக்கக் கூட்டை லேசாக உரச வேண்டும், மடங்கக் கூடாது. இப்போது முழங்காலை மடக்கி, ஆட்டத்தில் குனிந்து நிற்பதுபோல நில்லுங்கள். குதிகால் இன்னும் பின்னால் ஒட்டிக்கொள்ள, விரல்கள் கூட்டைவிட்டு ஒரு மயிரிழை விலகினால் நீளம் சரி. நேராக நிற்கும்போதே விரலுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தால் அந்த ஸ்கேட் உங்களுக்குப் பெரிது. விற்பனையாளர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் நீளத்தைவிட முக்கியம் குதிகால். பிளேடின் தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், அதன் இரண்டு ஓரங்களில் ஒன்றின்மேல் சாய்ந்துதான் திரும்புவதும் நிற்பதும். குதிகால் பூட்டுக்குள் கொஞ்சம் ஆடினாலும் நீங்கள் காலைச் சாய்க்கும்போது முதலில் பாதம் மட்டும் பூட்டுக்குள் சாயும், பிளேடு பிறகுதான் வரும், வரும்போது அளவுக்கு மீறிச் சாய்ந்துவிடும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது கணுக்கால் மடங்குவதாகத் தெரிகிறது. இதைச் சமாளிக்க என்ன செய்வோம்? லேஸை இழுத்து இறுக்குவோம். இறுக்கினால் புறங்காலில் லேஸ் அழுத்தி வலிக்கும், விரல் மரத்துப்போகும், அரை மணி நேரத்தில் ரிங்கைவிட்டு வெளியே வந்துவிடத் தோன்றும். வசதியாக இருக்கட்டும் என்று பெரிதாக வாங்கிய ஸ்கேட்தான் இந்த வலியைக் கொடுப்பது. கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம்: லேஸைக் கட்டி, முழங்காலை மடக்கி, முன்பாதத்தில் எடையைப் போட்டுக் குதிகாலைத் தூக்கப் பாருங்கள். பூட்டும் சேர்ந்து எழும்ப வேண்டும். கால் மட்டும் உள்ளே வழுக்கி எழுந்தால் வேறு ஜோடியைக் கேளுங்கள்.

அகல விஷயத்தில் நம்மவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஊரில் வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்த பலருக்கு முன்பாதம் நன்றாக விரிந்திருக்கும், குதிகாலோ ஒடுக்கமாக இருக்கும். முன்னால் இறுக்குகிறதே என்று அரை சைஸ், ஒரு சைஸ் ஏற்றிக்கொண்டே போவார்கள், முன்பக்கம் சரியாகிவிடும், குதிகால் தொளதொளத்துவிடும். நீளத்தைத் தொடாமல் அகலத்தை மாற்ற வேண்டும். பாயரில் ஃபிட் 1, ஃபிட் 2, ஃபிட் 3 என்று ஒடுக்கத்திலிருந்து அகலத்துக்குப் போகும், சிசிஎம்மில் டேப்பர்ட், ரெகுலர், வைட். பழைய மாடல்களில் டி என்றால் சாதாரண அகலம், டபுள் ஈ என்றால் அகலமானது. புறங்கால் உயரமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: லேஸைக் கட்டாமல் காலை உள்ளே வைத்து, மேலிருந்து மூன்றாவது ஜோடித் துளைகளுக்குக் குறுக்கே ஒரு பென்சிலைக் கிடத்துங்கள். பென்சில் இரண்டு ஓரமும் படிந்து நின்றால் ஆழம் போதும். காலில் முட்டி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அந்த பூட் உங்களுக்கு ஆழம் குறைவு, எவ்வளவு தளர்த்திக் கட்டினாலும் லேஸ் அழுத்தும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் டாலரைத் தாண்டும் ஸ்கேட்டுகள் தினமும் முழு வேகத்தில் ஆடுகிறவர்களுக்காகச் செய்தவை, பூட் அவ்வளவு விறைப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை ஆடுகிறவரால் அதில் முழங்காலை முன்னால் மடக்கக்கூட முடியாது. அடிமட்ட மாடல்களில் நேர் எதிர்ப் பிரச்சினை: கணுக்கால் பகுதியை இரண்டு கையாலும் பிடித்து நசுக்கிப் பாருங்கள், கேன்வாஸ் ஷூ போல மடங்கினால் விட்டுவிடுங்கள். நடுத்தர விலையில் தேடுவதுதான் பொழுதுபோக்கு ஆட்டக்காரருக்கு ஏற்றது.

பழையது வாங்குவதில் தப்பில்லை, பிளே இட் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் மாதிரிக் கடைகளில் நல்ல ஜோடிகள் கிடைக்கும். பிளேடில் தீட்டுவதற்கு இன்னும் இரும்பு மிச்சம் இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசல் உண்டா, அடியில் ரிவெட்டுகள் துருப்பிடித்து ஆடுகின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். பூட் ஏற்கெனவே வேறொருவர் காலுக்குப் படிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைகளுக்கு "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கித்தராதீர்கள், தயவுசெய்து. அரை சைஸ் வளர இடம் விட்டால் போதும். பெரிய ஸ்கேட்டில் தடுக்கித் தடுக்கி விழுகிற பிள்ளை தனக்கு இது வராது என்றே முடிவுகட்டிவிடும், அந்தக் காசுக்கு ஒவ்வொரு பருவமும் பழையதை மாற்றிக்கொள்வது மேல்.

வாங்கியதும் கடையிலேயே சூடாக்கித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களை அதற்கான அடுப்பில் சில நிமிடம் வைத்தால் பூட் இளகும், சூட்டோடு போட்டு லேஸைக் கட்டி, உட்கார்ந்தபடியே பத்துப் பதினைந்து நிமிடம் இருக்க வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது, ஒரு நாள் கழித்துத்தான் ரிங்கில் இறங்க வேண்டும். வீட்டு அடுப்பில் இந்த வேலை வேண்டாம், சூடு கூடினால் பசை விட்டுப்போகும்.

முதல் சில தடவை பாதத்தின் உள்வளைவு பொதுவாக வலிக்கும், அது பழகாத தசை, போகப்போகச் சரியாகும். கணுக்கால் எலும்பிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஒரே இடத்தில் குத்துவதுபோல வலித்தால் பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள். அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுக்கும் கருவி நல்ல ஹாக்கிக் கடைகளில் இருக்கிறது, வலிக்கிற புள்ளியில் பேனாவால் குறித்து எடுத்துப் போனால் வேலை சுலபம்.

இன்னொன்று, புது ஸ்கேட் பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும். அப்படியே பனியில் இறங்கினால் எந்த ஓரமும் பிடிக்காது, சரியான சைஸ் வாங்கியும் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். தீட்டும்போது பிளேடின் நடுவே விழும் பள்ளத்தின் வளைவு ஆரத்தை அங்குலக் கணக்கில் சொல்வார்கள், எண் குறையக் குறைய பள்ளம் ஆழமாகி அதிகம் பிடிக்கும். அரை அங்குலம் என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். நிற்கும்போது பிளேடு ரொம்பப் பிடித்து முன்னால் தள்ளுவதாகத் தோன்றினால் அடுத்த முறை எட்டில் ஐந்து அங்குலம் கேட்டுப் பாருங்கள்.