வெயிட் தாங்கற மரவேலைக்கு எத்தனை நம்பர் ஸ்க்ரூ வாங்கணும்

மீன் தொட்டி ஸ்டாண்டு, ஒர்க்பெஞ்ச், பங்க் பெட்னு வெயிட் ஏத்தற சாமான் செய்யப்போறீங்கன்னா ஸ்க்ரூ நீளத்த மட்டும் பாத்து வாங்கிட்டு வந்துடாதீங்க, தடிமனயும் பாருங்க. சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஹார்டுவேர் கடைங்கள்ல ஒரு பெட்டில நம்பர் போட்டிருக்கும், பக்கத்து பெட்டில மில்லிமீட்டர் போட்டிருக்கும், அங்கதான் குழப்பமே. 10 நம்பர்னா 10 மில்லிமீட்டர் கெடையாது, 4.8தான். 8 நம்பர் 4.2, 12 நம்பர் 5.5, 14 நம்பர் 6.3 மில்லிமீட்டர். நம்பர் கூடக்கூட ஸ்க்ரூ தடிமனாகும்.

இப்ப 3 அடி மீன் தொட்டிய எடுத்துக்கங்க. 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர்னா தண்ணி மட்டுமே 180 கிலோவுக்கு மேல வரும், கண்ணாடி கல்லு எல்லாம் தனி. அவ்ளோ வெயிட்டயும் ஸ்க்ரூ தலைல கட்டாதீங்க. குறுக்கு கட்டைய கால் மேல உக்கார வைங்க, மரம் மரத்து மேல நின்னு வெயிட்ட தாங்கணும், ஸ்க்ரூ ரெண்டயும் நகராம புடிச்சிக்கிட்டா போதும். ரெண்டுக்கு நாலு இஞ்ச் கட்டைனா 10 நம்பர், 80 மில்லிமீட்டர் நீளம் எடுங்க. குறுக்கு கட்டைய கால் மேல வைக்கவே வழியில்ல, பக்கவாட்லதான் அடிச்சாகணும்னா 14 நம்பர், இல்லன்னா போல்ட் நட்டு போட்டுடுங்க, நான் போல்ட்தான் போடுவேன். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஓரத்துல அடிக்கறதுக்கு 8 நம்பர் போதும், அதுக்கு மேல போனா ப்ளை பொளந்துக்கும். ஜிப்சம் பலகைக்கு போடற கருப்பு ட்ரைவால் ஸ்க்ரூ மலிவா கெடைக்குதேன்னு இதுக்கு போட்டுடாதீங்க, அது வளையாது, பட்டுனு ஒடஞ்சிடும்.

நம்ம ஊர்ல பழைய டெக்கிங் பலகை, செங்கால், பாலாவ் எல்லாம் கெடைக்கும், கல்லு மாதிரி மரம். நான் ஒரு தடவ பாலாவ்ல ஓட்டை போடாம ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ ஏத்தினேன், பாதி எறங்கினதும் கிரீச்சுனு சத்தம், அடுத்த நொடி தலை துண்டா கைல வந்துடுச்சு, மீதி இன்னமும் மரத்துக்குள்ளதான் இருக்கு. அதனால பைலட் ஹோல், அதாவது ஸ்க்ரூ ஏத்தறதுக்கு முன்னாடி போடற சின்ன ஓட்டை, கட்டாயம் போடுங்க. 10 நம்பருக்கு பைன் மரம்னா 2.5லேர்ந்து 3 மில்லிமீட்டர் பிட், இந்த மாதிரி கெட்டி மரம்னா 3.2லேர்ந்து 3.5. கணக்கு மறந்துபோச்சுன்னா ட்ரில் பிட்ட ஸ்க்ரூக்கு முன்னாடி வெளிச்சத்துல புடிச்சு பாருங்க, நடுத்தண்டு மறைஞ்சு ரெண்டு பக்கமும் மரை மட்டும் தெரிஞ்சா அதான் சரியான பிட். கெட்டி மரத்துல முதல்ல சாதா ஸ்டீல் ஸ்க்ரூ ஒண்ண ஏத்தி கழட்டிட்டு, அந்த ஓட்டைல ஸ்டெயின்லெஸ்ஸ மெழுகோ சோப்போ தடவி கையாலயே முறுக்குங்க. வெளிய வைக்கற சாமானுக்கு ஸ்டெயின்லெஸ்தான், ஈஸ்ட் கோஸ்ட் மாதிரி கடல் பக்கம் வீடுன்னா உப்புக்காத்து தாங்கற 316 ரக ஸ்டெயின்லெஸ்.

இன்னொண்ணு, மேல் கட்டைல வர்ற ஓட்டை ஸ்க்ரூ லூசா போற அளவுக்கு பெருசா இருக்கணும், 10 நம்பருக்கு 5 மில்லிமீட்டர். ரெண்டு கட்டைலயும் மரை புடிச்சிட்டா நடுவுல இடைவெளி நின்னுடும், எவ்ளோ முறுக்கினாலும் ஒட்டவே ஒட்டாது, கழட்டிட்டு மேல் ஓட்டைய பெருசாக்கிட்டுதான் திரும்ப போடணும்.