நீலகிரியில் வீடு தேடுகிறீர்களா? விலை கேட்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

"நீலகிரியில் சென்ட் என்ன விலை போகுது?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு தாலுகா. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, கூடலூர் சுமார் 1,000 மீட்டர்தான். ஒன்றில் ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும், இன்னொன்றில் மிளகும் காப்பியும் விளையும். ஒரே ஊருக்குள்ளேயே ரோட்டுக்கு மேல்புறம் ஒரு விலை, கீழ்ச்சரிவில் ஒரு விலை. அதனால் மாவட்டத்துக்குச் சராசரி விலை தேடி நேரத்தை வீணாக்காமல், நீங்கள் குடியிருக்கப்போகும் அந்த ஒரு சரிவை மட்டும் எடைபோடப் பழகுங்கள்.

மழையிலிருந்து ஆரம்பிக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை பந்தலூர், கூடலூர், குந்தா பக்கத்தைப் போட்டு அடிக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், இங்கே இருப்பவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. சரி, புரோக்கர் உங்களை எப்போது கூட்டிவந்து காட்டுவார்? ஏப்ரலில், இல்லையென்றால் ஜனவரி வெயிலில். நீங்கள் குன்னூர், கோத்தகிரி இடத்தை நவம்பரில் பாருங்கள், பந்தலூர், கூடலூர் இடத்தை ஜூலையில் பாருங்கள். முடிந்தால் அந்த மாதம் முழுக்க அதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிடுங்கள். அந்த ஒரு மாத வாடகை, பின்னால் தடுப்புச் சுவர் கட்டக் கொட்டும் பணத்தில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

தடுப்புச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலை வீட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் வரிசையாகக் குழாய் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தெளிவாக ஒழுகிக்கொண்டிருந்தால் நல்லது. ஓட்டைகள் காய்ந்து கிடந்து, சுவரின் இணைப்புகளிலும் அடியிலும் ஈரம் கசிந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். கலங்கலாகச் சேறு வந்தால் உள்ளே மண் கரைகிறது. சுவரின் ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், நடுவில் வயிறு தள்ளியிருந்தால் அந்த வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். புதுசாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் இன்னும் கவனம். அப்புறம் மேலே ஏறிப்போய், உங்கள் இடத்துக்கு மேல் யார் என்ன கட்டியிருக்கிறார்கள், அவர்களுடைய கழிவுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். பழைய ஓடையை மண் போட்டு மூடி மனை ஆக்கிய இடங்கள் உண்டு, மழைத் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வரும். மண்சரிவு அபாயம் உள்ளதாக மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. உங்கள் இடம் அதில் வருகிறதா என்று தாலுகா அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அடுத்தது காகிதம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் தமிழ்நாடு முழுக்கப் பார்ப்பவைதான், பத்திரச் செலவும் அதே 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம்தான். ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்துக்குப் பரம்பரை உரிமையாக இருந்த ஜன்மம் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969-இல் சட்டம் போட்டார்கள், வழக்குகள் பல பத்தாண்டுகள் இழுத்தன. "செக்‌ஷன் 17 நிலம்" என்று அந்தப் பக்கத்தில் சொல்வது அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களைத்தான். தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காதவர்கள், மின் இணைப்புக்கு அலைபவர்கள் இதில் ஏராளம். அவர்களுடைய கஷ்டம் உண்மை, அதற்குத் தீர்வு வரவேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் நீங்கள் அதை வெறும் ஒப்பந்தக் காகிதத்தில் வாங்கினால் பணம் போனது போனதுதான். அதே போல தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட சர்வே எண்களை 1949-ஆம் வருடச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மசினகுடி பக்கம் சீகூர் யானை வழித்தடம் இருக்கிறது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்துவிட்டது. அங்கே "காட்டோரம் அருமையான மனை" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காலி மனை வாங்கிக் கட்டுவதாக இருந்தால், கட்ட முடியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளால் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, இடத்தைப் பொறுத்து வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை என்று தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். ஜேசிபி இறக்கவும் போர் போடவும்கூட முன் அனுமதி வேண்டும். அந்தத் தெருவில் கடந்த இரண்டு மூன்று வருடத்தில் முறையான அனுமதி வாங்கிக் கட்டியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவரிடம் அரை மணி நேரம் பேசினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விலைக்கு வருவோம். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பு பார்த்துக்கொள்ளுங்கள், அது ஒரு ஆரம்பக் கணக்கு மட்டும்தான். இங்கே இரண்டு சந்தை நடக்கிறது. ஒன்று, பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலுக்கு வெளியூர்க்காரர்கள் கொடுக்கும் விலை, அதில்தான் விளம்பரம் எல்லாம் வரும். இன்னொன்று, உள்ளூர் ஆட்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலை. இரண்டாவது விலையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் டீக்கடையில், மளிகைக் கடையில் பேச்சுக் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை. பச்சைத் தேயிலை விலை விழுந்துகிடக்கும் வருடங்களில் சிறு விவசாயிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கத் தள்ளப்படுகிறார்கள். அப்போது வரும் மனைகளில் பாதைக்கும் தண்ணீருக்கும் சரியான ஏற்பாடு இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

வண்டி வாசல் வரை வருமா என்பது விலையை அப்படியே மாற்றிவிடும். படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டிய வீடு நிச்சயம் மலிவாக இருக்கும், வயசும் தெம்பும் இருந்தால் வாங்கலாம். ஆனால் கேஸ் சிலிண்டர் முதல் மணல் மூட்டை வரை எல்லாவற்றுக்கும் தூக்குக்கூலி உண்டு. உடம்பு முடியாத பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம், ராத்திரி ஆம்புலன்ஸ் ரோட்டில்தான் நிற்கும்.

வாடகைக்குப் பார்ப்பவர்கள் சீசனில் வராதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நல்ல வீடுகள் எல்லாம் தினவாடகைக் காட்டேஜ் ஆகிவிடும், மாத வாடகைக்குக் கேட்டால் முகம் கொடுத்தே பேச மாட்டார்கள். ஜூன், ஜூலையில் கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறும். குன்னூரை ஒட்டிய வெலிங்டன் சுற்றுவட்டாரம் ராணுவத்தை நம்பிய சந்தை, அங்கே அதிகாரிகள் மாறிவரும் நேரத்தைப் பொறுத்து வாடகை ஏறி இறங்கும். லீஸுக்கு விடும் பழக்கமும் பரவலாக உண்டு. அப்படி எடுத்தால் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்பீர்கள், குன்னூரில் மார்ச், ஏப்ரலில் இருந்து பார்த்தால் தெரியும். வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டில் எத்தனை டிரம், எத்தனை சின்டெக்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கடைசியாக என்றைக்குத் தண்ணீர் வந்தது, அடுத்து எப்போது வரும், லாரித் தண்ணீர் கடைசியாக எந்த மாதம் வாங்கினீர்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், அவர் சொல்வது கணக்குப் பிசகாது.

மருத்துவமனைக்கும் வழியைப் போட்டுப் பாருங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது, பெரிய நிம்மதி. ஆனாலும் சிக்கலான வைத்தியம் என்றால் இன்னும் கோவைக்கு இறங்குபவர்கள் உண்டு. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்கும் மைசூருக்கும் போவார்கள். மைசூர் வழியில் பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை சாதாரண வண்டிகளை விட மாட்டார்கள், ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. குழந்தைகள் படிப்பு, வேலை என்று அடிக்கடி கீழே போய்வர வேண்டியவர்கள் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிப் பாருங்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. உங்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் அது வேண்டும், நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை.

காட்டுமாடு, கரடி, சிறுத்தை எல்லாம் குன்னூர், கோத்தகிரியில் தெருவிலேயே நடக்கும். பந்தலூர், கூடலூரில் யானை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்தப் பாதையில் ஆட்கள் நடக்கிறார்களா என்று பார்த்தாலே புரிந்துவிடும். வீட்டுக்குள் பூஞ்சை பிடிக்கிறதா என்று தெரிய, சுவரைப் பார்க்காமல் அலமாரியைத் திறந்து உள்பக்கம் முகர்ந்து பாருங்கள். காலையிலும் மாலையிலும் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குச் சரிவில் மர நிழலில் இருக்கும் வீட்டில் டிசம்பரில் துணி காய மூன்று நாள் ஆகும். மூச்சுத்திணறல், மூட்டுவலி உள்ளவர்கள் அந்த மாதிரி வீட்டை எடுக்கவே கூடாது.

ஒரு இடத்தைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பக்கத்து ஹட்டிக்கோ (படுகர் ஊர்), எஸ்டேட் லைனுக்கோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) போய்ப் பெரியவர்கள் யாரையாவது பார்த்துப் பேசுங்கள். அந்தச் சரிவில் எந்த வருடம் எங்கே மண் இறங்கியது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, பாதை யாருடைய பட்டா வழியாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பாதை அடுத்தவர் நிலத்தில் போகிறது என்றால், வழியுரிமையை எழுத்தில் வாங்கிப் பத்திரத்தில் சேர்த்த பிறகு பணத்தை எடுங்கள்.