பழைய கார எக்ஸ்சேஞ்ச் போடலாமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமா?

எங்க ஊரு செங்கோட்டை. அக்காவ புனலூர்ல கட்டிக் குடுத்திருக்கு, அதனால மாசத்துல மூணு தடவையாவது புளியரை ஏறி ஆரியங்காவு தென்மலை வழியா போயிட்டு வரணும். 2013 வேகன் ஆர், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. இத குடுத்துட்டு புதுசு எடுக்கலாமான்னு ரெண்டு மாசம் அலைஞ்சேன், அதுல தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், யாருக்காவது பத்து இருபதாயிரம் மிஞ்சினாக்கூட சந்தோஷம்.

மொதல்ல ஷோரூம் பக்கம் போகாதீங்க, வண்டிய ஏத்தத்துக்கு கொண்டு போங்க. நாலு பேர ஏத்திக்கிட்டு ஏசிய போட்டு புளியரை எஸ் வளைவுல ஏறிப் பாருங்க. ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி இழுக்கலன்னா கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சு. மேல கோட்டவாசல்ல ஓரமா நிறுத்துனதும் கருகின வாடை வந்தா அதுவே தான். கிளட்ச், டயர், ஷாக் அப்சர்பர், புஷ் இதெல்லாம் தேயுற சாமான், மாத்துனா தீந்துச்சு, இதுக்காக வண்டிய விக்கணும்னு இல்ல. ஆனா பின்னாடி நீலப்புகை வருது, ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல ஆயில் ஊத்த வேண்டியிருக்குன்னா எஞ்சின் வேலை வரப்போகுது. அதே மாதிரி கால் மேட்ட தூக்கி அடியில துரு இருக்கான்னு விரல வச்சு அழுத்திப் பாருங்க, கேரளா மழையில ஓடுற வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், தகடு உள்ள போச்சுன்னா அந்த வண்டிய குடுத்துடுறது நல்லது.

அடுத்து கணக்கு. என் வண்டிக்கு கிளட்ச், நாலு டயர், சஸ்பென்ஷன் எல்லாம் சேத்து மெக்கானிக் 34 ஆயிரம் சொன்னாரு. புதுசுக்கு 5 லட்சம் லோன், 9 சதவீதம், 5 வருஷம்னா மாசம் 10,379 ரூபா, மொத வருஷம் வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 42 ஆயிரம். அதுபோக புது வண்டி மதிப்பு வேற இறங்கும், இன்சூரன்ஸ்லயே ஒரு வருஷம் தாண்டுன வண்டிக்கு 20 சதவீதம் கழிச்சுதான் போடுவாங்க. ஆர்.சி.க்கு, அதாவது வண்டியோட பதிவுச் சான்றுக்கு, 15 வருஷம் முடியப் போகுதான்னும் பாருங்க, 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு புதுப்பிக்கிற கட்டணம் 5000, பசுமை வரி தனி.

இப்ப ஷோரூம். இங்கதான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க, பழசுக்கு எவ்வளவு தர்றீங்கன்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு கொட்டேஷன் எழுதி வாங்குங்க, எக்ஸ்சேஞ்ச் போட்டா நான் கட்ட வேண்டியது எவ்வளவு, எக்ஸ்சேஞ்சே இல்லாம எல்லா டிஸ்கவுண்டும் போக ஆன்ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து) எவ்வளவு. எனக்கு 1,55,000, மேல போனஸ் 20,000, ஆக 1,75,000னு சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எக்ஸ்சேஞ்ச்ல நான் கட்ட வேண்டியது 5,67,000, எக்ஸ்சேஞ்ச் இல்லாம 7,05,000. கழிச்சா 1,38,000 தான், என் வண்டிக்கு அவங்க உண்மையில தர்றது அவ்வளவுதான். அதே வண்டிய தென்காசியில ஒரு வாத்தியார் 1,60,000க்கு கேட்டாரு.

கேரளா பார்ட்டி கூடுதல் விலை தர்றாங்கன்னு இங்க எல்லாரும் சொல்வாங்க. ஆனா அவங்களுக்கு நீங்க ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. (வண்டி வேற மாநிலத்துக்குப் போக ஆட்சேபனை இல்லன்னு சான்று) வாங்கணும், அதுக்கு ஃபாரம் 28, லோன் இருந்தா மொதல்ல பேங்க்ல ஃபாரம் 35 வாங்கி எச்.பி. (ஆர்.சி.ல இருக்குற லோன் பதிவு) கேன்சல் பண்ணணும், அவங்க அங்க திரும்ப ரோடு டாக்ஸ் கட்டணும், அந்தக் காச உங்க விலையிலதான் கழிப்பாங்க.

எல்லாத்துக்கும் மேல ஆர்.சி.ல பேர் மாத்துறது. எங்க அண்ணன் 2022ல ஒரு ஷோரூம்ல ஆல்ட்டோவ எக்ஸ்சேஞ்ச் போட்டாரு, அவங்க புரோக்கர் கைக்கு மாத்தி விட்டுட்டாங்க, பேர் மாத்துற ஃபாரம் 29, 30ல கையெழுத்து போட்டாச்சேன்னு அண்ணனும் விட்டுட்டாரு. மறு வருஷம் கேரளாவுல ஏஐ கேமரா வந்துச்சுல்ல, சீட் பெல்ட் போடலன்னு 500 ரூபா அபராதம் அண்ணன் போனுக்கு வருது, ஃபோட்டோவுல யாரோ ஒருத்தரு ஓட்டிட்டு போறாரு. 500 ரூபாய விடுங்க, ஆக்சிடென்ட்ல யாருக்காவது ஏதாவது ஆயிருந்தா? ஆர்.சி.ல யார் பேரு இருக்கோ அவங்கதான் பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அன்னைக்கு ராத்திரி அண்ணன் தூங்கல.

என் கணக்குப்படி வண்டிய ரிப்பேர் பண்ணி வச்சுக்கிறதுதான் லாபம். ஆனாலும் மாத்திட்டேன். ஏன்னா அதுல ஏர்பேக் இல்ல, சட்டுன்னு பிரேக் போட்டா சக்கரம் பூட்டி வழுக்காம பாத்துக்குற ஏபிஎஸ் இல்ல, ராத்திரி மழையில தமிழ்நாட்டு லாரிக்கு நடுவுல ரெண்டு பிள்ளைகளயும் வச்சுக்கிட்டு அந்த மலைய இறங்குறேன். உங்க ஓட்டம் டவுனுக்குள்ள மட்டும்னா தாராளமா வச்சுக்கோங்க, குடும்பத்தோட வாரா வாரம் மலை ஏறுறீங்கன்னா இந்த விஷயத்துல காச பாக்காதீங்க.

வாத்தியாருக்கே குடுத்தேன். ரெண்டு பேரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. போனோம், வண்டி கைமாறின தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு ஆளுக்கொரு காப்பி வச்சுக்கிட்டோம். விக்கிறவங்க 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.க்கு தெரிவிச்சாகணும். பழைய பாலிசியில நோ கிளெய்ம் போனஸ் உங்களோடது, வண்டியோடது இல்ல, கம்பெனியில லெட்டர் வாங்கி புது பாலிசியில சேத்துக்கோங்க, அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லன்னா ஓன் டேமேஜ் பிரீமியத்துல (நம்ம வண்டி சேதத்துக்கு கட்டுறது) 50 சதவீதம் குறையும். சாவிய குடுக்குறதுக்கு முன்னாடியே கண்ணாடியில இருக்குற ஃபாஸ்டேக்க குளோஸ் பண்ணி கிழிச்சுருங்க, இல்லன்னா அவங்க டோல் தாண்டுற ஒவ்வொரு தடவையும் உங்க அக்கவுண்ட்லதான் காசு போகும்.