தத்துவ நூலில் ஒரு வரியைப் படித்ததும் கேட்க வேண்டியது: இதைச் சொல்வது யார்?

“காட்சி முதலியவை பிரமாணம் ஆகா, மூன்று காலத்திலும் அவை நிலைபெறவில்லை.” கௌதமரின் தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் 2ஆம் அத்தியாயத்தில் இந்தக் கருத்து ஒரு சூத்திரமாகவே நிற்கிறது. அதை மட்டும் பெயர்த்தெடுத்துப் படிப்பவர், கண்ணால் காண்பதையே கௌதமர் நம்பவில்லை என்று முடிவுகட்டிவிடலாம். உண்மை நேர்மாறானது. காட்சியும் அனுமானமும் நம்பத்தக்க அளவைகள், அதாவது அறிவு பெறும் வழிகளான பிரமாணங்கள், என்று நிறுவுவதற்காகவே எழுந்த நூல் அது. அந்தச் சூத்திரம் எதிராளியின் குரல். அளவை தன் பொருளுக்கு முன்னும் இருக்க முடியாது, பின்னும் இருக்க முடியாது, உடனும் இருக்க முடியாது என்று அவர் அடுக்குகிறார். சில சூத்திரங்கள் கழித்துப் பதில் வருகிறது: அதே காரணத்தால் உங்கள் மறுப்பும் மூன்று காலத்திலும் நிற்காதே!

இந்தியத் தத்துவ நூல்களைப் படிக்கையில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது, பூர்வபட்சத்தை, அதாவது எதிராளியின் கட்சியை, ஆசிரியரின் கொள்கையாக எடுத்துக்கொள்வது. மறுக்க வேண்டிய கட்சியை அதன் வலுவான வடிவில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு விடை சொல்வது இந்த நூல்களின் நடை. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை மரபின் மூலநூலான ஜைமினியின் மீமாம்சா சூத்திரம், சொல் நித்தியமானது என்று வாதிடும் நூல். அதிலேயே, ஒலி முயற்சியால் பிறக்கிறது, உச்சரித்ததும் மறைகிறது, ஆகவே நித்தியமல்ல என்று எதிர்க்கட்சி ஆறு சூத்திரங்களுக்குப் பேசுகிறது. ஏழாவதில் ‘து’ (‘ஆனால்’) என்ற சிறு சமஸ்கிருத இடைச்சொல் வருகிறது. அங்கேதான் பேசுபவர் மாறுகிறார். ‘நனு’ என்று தொடங்கினாலோ ‘இதி சேத்’ (‘என்று சொன்னால்’) என்று முடிந்தாலோ பெரும்பாலும் அது தடையெழுப்புபவரின் பேச்சு. மொழிபெயர்ப்புகளில் இந்தக் குறிப்புகள் எளிதில் கரைந்துபோகும். அதனால் குறைந்தது முன்னும் பின்னும் இரண்டு பக்கமாவது படிக்காமல் ஒரு வரியை மேற்கோள் காட்ட வேண்டாம்.

அத்வைதத்தை மறுக்கும் இராமானுசரின் ஸ்ரீபாஷ்யம் இதற்கு அழகான சான்று. அதன் தொடக்கப் பகுதியில் ‘மகா பூர்வபட்சம்’ என்று ஒன்று உண்டு. அங்கே அத்வைதம் நீளமாக, கோவையாக, ஓர் அத்வைதியே எழுதியது போல விரிகிறது. அந்தப் பக்கங்களை மட்டும் படிப்பவர் இராமானுசரை, உலகை மாயை என்னும் மாயாவாதி என்றே நினைக்கக்கூடும். எதிராளிக்கு இவ்வளவு இடம் கொடுத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் எல்லோரும் அப்படி இடம் கொடுத்ததில்லை. மறுத்தவர் வாயிலாக மட்டுமே ஒரு கட்சியை அறிந்துவிட்டு, அதுதான் முழுமை என்று நம்புவது அடுத்த தவறு. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்தில் நமக்குக் கிடைத்தவை சில பாடல்களே. அதை வெல்ல எழுந்த சமணக் காப்பியமான நீலகேசி கிடைத்திருக்கிறது; அதில் குண்டலகேசியே ஒரு பாத்திரமாக வந்து வாதில் தோற்கிறாள். வென்ற தரப்பு எழுதிவைத்த தோல்வி அது. கண்ணால் காணும் உலகையே மெய்யென்ற உலகாயதத்துக்கும் இதே கதிதான். கடன் வாங்கியாவது நெய் குடி என்பதே அவர்கள் தத்துவம் என்ற எண்ணம், மாதவரின் 14ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான சர்வதரிசன சங்கிரகத்தால் வலுப்பெற்றது. ஜயராசி பட்டரின் தத்துவோபப்லவசிம்மம் 1940இல் அச்சேறியது. உலகாயதச் சார்புடையது என்று பலரும் கருதும் இந்த நூலில், காட்சி உட்பட ஒவ்வோர் அளவையின் வரையறையையும் ஜயராசி நுட்பமாக உடைக்கிறார்.

விதண்டை என்றாலே வம்பு என்று எண்ணுவதும் சரியல்ல. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். வெற்றிக்காக, சொற்புரட்டும் போலி மறுப்பும் கலந்து பேசுவது ஜல்பம். தன் கட்சி எதையும் நிறுவாமல் எதிர்க்கட்சியை மட்டும் மறுப்பது விதண்டை. நியாய உரைகாரர்கள் இந்த மூன்றாவதைக் கடிந்தார்கள். ஆனால் எனக்கென்று ஒரு கூற்று இருந்தால்தானே அதில் குற்றம் காண்பீர்கள், எனக்குக் கூற்றே இல்லை என்று பௌத்தத் தத்துவஞானி நாகார்ச்சுனர் விக்ரகவ்யாவர்த்தனி என்ற நூலில் சொல்வது வம்பு அன்று. எதற்கும் தனியியல்பு இல்லை என்னும் சூனியம் என்பதை இன்னொரு கொள்கையாக்கிவிடக் கூடாது என்ற கவனம் அது. மருத்துவ நூலான சரக சம்கிதையும் நட்பாகப் பேசும் விவாதம், பகைத்துப் பேசும் விவாதம் இரண்டுக்கும் தனித்தனியே வழி சொல்கிறது.

‘இந்திய மரபு சொல்கிறது’ என்று தொடங்கும் வாக்கியங்களிடமும் எச்சரிக்கை தேவை. வேதம் கடவுளின் வாக்கு என்று வேதத்தை ஏற்ற எல்லோரும் சொன்னார்களா? நியாய மரபினரான நையாயிகர் ஈசுவரன் கூற்று என்றனர். மீமாம்சகரோ அதற்கு ஆசிரியரே கிடையாது, கடவுளும் இல்லை என்றனர். பௌத்தரான திக்நாகர் சொல்லைத் தனி அளவையாகவே ஏற்கவில்லை, அனுமானத்தில் அடக்கிவிட்டார்.

ஒரே கட்சிக்குள்ளும் பிளவு உண்டு. “பசுவைக் கொண்டு வா”, “பசுவைக் கட்டு”, “குதிரையைக் கொண்டு வா” என்று பெரியவர்கள் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் பார்த்துக் குழந்தை மொழி கற்கிறது. செயலோடு இணைந்துதானே அது சொல்லைக் கற்றது, ஆகவே சொல் எப்போதும் பிறவற்றோடு தொடர்ந்த பொருளையே தரும் என்றார் பிரபாகரர். இல்லை, ஒவ்வொரு சொல்லும் முதலில் தன் பொருளைத் தரும், அந்தப் பொருள்கள் இணைந்து வாக்கியப் பொருள் பிறக்கும் என்றார் குமாரிலர். இருவரும் மீமாம்சகர். இலக்கண மரபினரான பர்த்ருஹரிக்கோ வாக்கியமே பிரிக்க முடியாத ஒன்று; சொற்களாகப் பிரிப்பது கற்பிப்பவரின் வசதிக்காக மட்டுமே.

சமஸ்கிருதம் தெரியாமலே இந்த நடையைப் பழக விரும்புகிறவருக்கு அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற கட்சிகளைப் பேசும் பரபக்கத்தைச் சொல்வேன். உலகாயதன் தொடங்கிப் பதினான்கு கட்சிகள்; ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘மதம்’, பிறகு ‘மறுதலை’ என்று பதிப்புகளில் தலைப்பிட்டே பிரித்திருப்பார்கள். அவர் மீமாம்சகரை ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. பட்டாசாரியனுக்கு (குமாரிலருக்கு) ஒரு பகுதி, பிரபாகரனுக்கு ஒரு பகுதி, சொல்லே பிரமம் என்னும் சத்தப்பிரமவாதிக்குத் தனியே ஒரு பகுதி.